மேல்காற்றுக்கு ஈடுகொடுக்க ஒரு பழைய ஹெர்குலிஸ்

தென்காசிப் பக்கம் ஆனி பிறந்துவிட்டால் மேற்கே பார்த்து சைக்கிள் மிதிப்பது பெரும்பாடு. செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் காற்று ஆடி முடியும்வரை லேசில் ஓயாது. கூடவே சாரல். காலையில் நான் மேற்கே போக வேண்டும். சாயங்காலம் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். மாமா வீட்டுத் தொழுவத்தில் சாத்தி வைத்திருந்த 28 அங்குல ஹெர்குலிஸை இந்தப் பாதைக்காக எடுத்து வந்தபோது பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்: “இதையா மிதிக்கப் போறீங்க? பேசாம ஒரு கியர் சைக்கிள் வாங்கிருங்க.”

சைக்கிள் பாரம் என்பது உண்மைதான். எடை இருபது கிலோவுக்குக் குறையாது. ஆனால் சமதரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது எடை அவ்வளவாகத் தெரியாது. கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும்தான் தெரியும். பழைய சைக்கிள் எந்நேரமும் கனமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் வேறு: கிரீஸ் காய்ந்த ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), துருவேறிய செயின், காற்று குறைந்த டயர், தேய்ந்த காட்டர் பின் (பெடல் தண்டை இறுக்கும் ஆணி). இவற்றோடு, எதிர்க்காற்றை நினைத்துப் பார்க்காமல் போட்ட பல்சக்கரமும் சேர்ந்துகொள்கிறது. சுழலும் இடம் ஒவ்வொன்றையும் சரிசெய்து, பல்லின் கணக்கையும் மாற்றினால் இதே சைக்கிள் போதும் என்பது என் எண்ணம். பெயின்டையும் புது மட்கார்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தேன். வேலையைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் அளவு

ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்பே நோட்டில் அளவு குறித்துக்கொள்வது நல்லது. “28 டயர் குடுங்க” என்று மட்டும் கேட்டு வாங்கிவந்து, ரிம்மில் ஏறாமல் திரும்பக் கொண்டுபோகிறவர்களைக் கடையில் பார்த்திருக்கிறேன். நம்மூர்ப் பெரிய சைக்கிளின் டயர் 28 x 1½. டயர் உட்காரும் இடத்தில் அதன் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர். இப்போது வரும் ரோடு சைக்கிள்களின் 700சி டயர் சிலவற்றிலும் 28 என்று அச்சிட்டிருப்பார்கள். அதன் விட்டம் 622. மலை சைக்கிள்காரர்கள் 29 என்று சொல்வதும் அதே 622தான். பழைய பந்தய சைக்கிளின் 27 அங்குலமோ 630. ஆக 27 என்று எழுதியது 29 என்று எழுதியதைவிடப் பெரியது! 26-லும் இதே குழப்பம் உண்டு: 26 x 1⅜ என்றால் 590, மலை சைக்கிளின் 26 என்றால் 559.

இதற்கெல்லாம் ஒரே வழி, டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் 40-635 போன்ற எண்ணைப் பார்ப்பது. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம் விட்டம். அந்த இரண்டாவது எண் பொருந்தினால்தான் டயர் உட்காரும்.

சென்னை அம்பத்தூரில் முருகப்பா குழுமம் 1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கியதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ். நம்மூர் ஹெர்குலிஸ் அங்கிருந்து வந்தது. அதனால் இந்த சைக்கிளில் எல்லாமே பழைய ஆங்கிலேய அங்குலக் கணக்கு. லூதியானாவிலிருந்து வரும் ரோட்ஸ்டர் (இதுபோன்ற பெரிய சாதா சைக்கிள்) பாகங்களும் பெரும்பாலும் அதே கணக்கில்தான் செய்யப்படுகின்றன. ஆகவே ஒரு கம்பெனி சைக்கிளுக்கு இன்னொரு கம்பெனியின் பாகத்தைத் தயங்காமல் போடலாம். பெயரைப் பார்ப்பதைவிட ஸ்கேலை வைத்துப் பார்ப்பதுதான் முக்கியம். என் நோட்டில் எழுதியது இவ்வளவு: முன்சக்கரம் 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரம் 40. செயின் ½ x ⅛ அங்குலம். செயின்வீல் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) 44 பல், ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கரம்) 18 பல். பி.பி.யிலும் (பெடல் ஆக்சில் சுழலும் பாட்டம் பிராக்கெட்) பின் ஹப்பிலும் ¼ அங்குல பால்ரஸ் (இரும்புக் குண்டு), முன் ஹப்பில் 3/16.

சக்கரம்

சைக்கிளைக் கவிழ்த்து முன்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன். இரண்டு சுற்று சுற்றி, கரகரவென்று நின்றது. ஆக்சில் நட்டைக் கழற்றி ஒரு கோனை (ஆக்சிலில் திருகியிருக்கும் கூம்பு) வெளியே எடுத்தபோது உள்ளே இருந்தது கிரீஸ் என்று சொல்ல முடியாது. பழுப்பாக, தொட்டால் உதிரும் ஒரு பொடி. ரோட்ஸ்டர் ஹப்பில் எண்ணெய் விட ஒரு சின்னத் துளையும் அதை மூட ஒரு கிளிப்பும் இருக்கும். என் ஹப்பில் அந்தக் கிளிப்பைக் காணவில்லை. திறந்து கிடந்த துளை வழியாக வருஷக்கணக்கில் தொழுவத்துத் தூசி உள்ளே போயிருக்கிறது.

இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டியது கோனையும், ஹப்பில் பால்ரஸ் உட்காரும் கிண்ணமான கப்பையும். கோனை மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். பால்ரஸ் ஓடிய தடம் ஒரு மெல்லிய பளபளப்பான கோடாகத் தெரியும். கோடு சீராக இருந்தால் கோன் நல்லது. அந்தக் கோட்டில் ஊசியால் குத்தினாற்போலப் புள்ளிகள் இருந்தால் அதன் கடினமான மேல்தோல் பெயர்ந்துவிட்டது என்று பொருள்; எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் அது ஓடாது. கப் உள்ளே இருப்பதால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதற்கு ஒரு பால்பாயின்ட் பேனாவின் முனையைக் கப்பின் தடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். குழி இருந்தால் முனை தட்டித் தட்டிப் போகும், அது விரலுக்குத் தெரியும். எனக்கு முன் ஹப்பில் இரண்டு கோனும் போயிருந்தன, கப் நன்றாக இருந்தது. பின் ஹப்பில் வலது கோன் மட்டும் மோசம். செயின் இழுக்கும் பக்கம் என்பதால் அது முதலில் தேய்வதில் வியப்பில்லை.

பால்ரஸ் எல்லாவற்றையும் புதிதாகவே போட்டேன். பழையதில் நல்லதாகத் தெரிவதைப் பொறுக்கி, குறைவதற்கு மட்டும் புதிது சேர்ப்பது கடைகளில் சாதாரணமாக நடக்கிறது. அப்படிச் செய்தால் புதிய பால்ரஸ் மயிரிழை பெரிதாக இருக்கும்; பாரம் முழுவதையும் அந்த இரண்டு மூன்று மட்டுமே தாங்கி, கோனைச் சீக்கிரம் குழியாக்கிவிடும். விலை சொற்பம், முழு செட்டாக மாற்றுவதே சரி. முன் ஹப்பில் பக்கத்துக்கு 10, பின் ஹப்பில் பக்கத்துக்கு 9. எண்ணிக்கை தெரியாவிட்டால் கப் நிறைய அடுக்கிவிட்டு ஒன்றை எடுத்துவிடுங்கள். ஏறக்குறைய ஒரு குண்டுக்கான இடைவெளி இருந்தால்தான் ஒன்றோடொன்று உரசாமல் உருளும். கப்பில் லித்தியம் கிரீஸைத் தாராளமாகப் பூசி அதில் குண்டுகளைப் பதித்தால் ஆக்சிலை நுழைக்கும்போது கீழே விழாது.

அப்புறம் கோனை இறுக்குவது. இது கையால் பழக வேண்டிய வேலை. ஒரு பக்கக் கோனைப் பூட்டு நட்டோடு நிலையாக வைத்துக்கொண்டு, மறுபக்கக் கோனை விரலால் முட்டும்வரை திருகி, கொஞ்சம் பின்னால் விட்டு, பூட்டு நட்டை இறுக்க வேண்டும். பூட்டு நட்டு இறுகும்போது கோனும் கூடவே கொஞ்சம் இறுகும் என்பதால்தான் அந்தப் பின்வாங்கல். ஆக்சிலை இரண்டு விரலால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது. சக்கரத்தை ஃபோர்க்கில் மாட்டிய பிறகு கடைசிச் சோதனை: வால்வைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை எடுங்கள். வால்வின் சொற்ப எடையே சக்கரத்தைச் சுற்றி, அது தானாகக் கீழே வந்து, முன்னும் பின்னும் ஊசலாடி நிற்க வேண்டும். முன்சக்கரம் அப்படி ஆடி ஓய்வதைப் பார்த்தபோது, காய்ந்த ஹப்பை ஓட்டிவிட்டு எத்தனை பேர் சைக்கிளைக் குறை சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது.

கோட்டம் எடுப்பதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்போதைய சைக்கிள்களில் பிரேக் கட்டை ரிம்மின் இரு பக்கத்தையும் பிடிக்கும். அதனால் எல்லோரும் பக்கவாட்டுக் கோட்டத்தையே பார்க்கிறார்கள். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் நம் கம்பி பிரேக்கில் கட்டை ரிம்மின் உள்முகத்தை, அதாவது ஹப்பைப் பார்த்த பக்கத்தை, உள்ளேயிருந்து வெளியே அழுத்துகிறது. ஆகவே இங்கே மேடு பள்ளம்தான் முக்கியம். ரிம் பக்கவாட்டில் 2 மில்லிமீட்டர் ஆடினாலும் பிரேக் சமாளிக்கும். மேலும் கீழும் 2 மில்லிமீட்டர் ஏறி இறங்கினால் பிரேக் பிடிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை வெட்டி இழுக்கும். நான் ஃபோர்க்கில் ஒரு சாக்பீஸைக் கட்டி, ரிம்மின் வெளிவிளிம்பைத் தொட்டும் தொடாமலும் வைத்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். வெள்ளை பட்ட இடம் மேடு. அங்கே இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் ஜோடியாக, நிப்பிளை (கம்பி முனையில் உள்ள சின்னத் திருகு நட்டு) கால் சுற்று, கால் சுற்றாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் மேடு போய்க் கோட்டம் வந்து சேரும். கம்பியை விரலால் மீட்டிப் பார்த்தால் தொய்ந்தது எது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். துருப்பிடித்த நிப்பிளுக்கு முந்தின நாள் ராத்திரியே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்துவிடுங்கள், இல்லையென்றால் திருகும்போது கம்பி முறுக்கி உடையும்.

டியூபில் மட்டும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டேன். வால்டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் போட்ட பழைய வால்வில் காற்றின் அழுத்தத்தை கேஜ் வைத்துப் பார்க்க முடியாது, ரப்பர் காய்ந்தால் காற்றும் கசியும். மோட்டார் பைக் வால்வு உள்ள டியூப் இதே ரிம் துளையில் பொருந்துகிறது. அதைப் போட்டு, டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை ஒட்டிக் காற்று வைத்துக்கொள்கிறேன். பெட்ரோல் பங்கில் காற்று அடித்தால் கவனம் தேவை. சைக்கிள் டயருக்கு அங்கே வரும் வேகம் அதிகம், விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். வீட்டில் கேஜ் வைத்த ஒரு தரை பம்பு இருந்தால் அந்தக் கவலையே இல்லை. சைக்கிளுக்கென்று முதலில் வாங்க வேண்டிய கருவி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

18 பல்லும் 22 பல்லும்

இந்த வேலையில் எனக்கு அதிகப் பலன் கொடுத்த மாற்றம் இது. 28 டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். 44 பல் செயின்வீலும் 18 பல் ஃப்ரீவீலும் இருந்தால் பெடலை ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும், சைக்கிள் 5.4 மீட்டர் போகும். காற்றில்லாத ரோட்டில் இது நன்றாகவே இருக்கிறது. நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் வரும். எதிர்க்காற்றில் கதை வேறு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுவது. காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும்போது நாம் 12-ல் போனால் உடம்பில் மோதுவது 32 கிலோமீட்டர் வேகக் காற்று. அந்த 12 கிலோமீட்டரை 18 பல்லில் ஓட்டினால் நிமிஷத்துக்குக் கால் 37 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் படியேறுகிற மாதிரி முட்டியை அழுத்தும்.

22 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர். அதே 12 கிலோமீட்டர் வேகத்தில் கால் 45 சுற்று சுற்றும். ஒவ்வொரு மிதியிலும் கொடுக்க வேண்டிய அழுத்தம் 18 சதவீதம் குறையும். செய்கிற மொத்த வேலை அதேதான், ஆனால் முட்டிக்கு அது பெரிய வித்தியாசம். சாயங்காலம் காற்று தள்ளும்போது கொஞ்சம் வேகமாகக் காலைச் சுற்ற வேண்டியிருக்கிறது. அதில் எனக்குக் கஷ்டமில்லை. காற்று அதிகம் இல்லாத ஊரில் இருப்பவர்கள் 20 பல் போட்டுக்கொள்ளலாம்; அது 4.8 மீட்டர்.

22 பல் எல்லாக் கடையிலும் இருக்காது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நெடுநாளாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“அண்ணாச்சி, 22 பல் ஃப்ரீவீல் இருக்கா?”

“இருக்கு தம்பி. எதுக்கு, மூட ஏத்தப் போறியளா?”

“இல்ல அண்ணாச்சி, மேகாத்துக்கு.”

“அப்பச் சரி. செயினையும் சேத்து மாத்திருங்க. பழைய செயின் புதுப் பல்லத் தின்னுரும்.”

அவர் சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. செயினின் ஒரு கண்ணி சரியாக அரை அங்குலம். 12 அங்குல ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு ரிவெட்டின் நடுவில் வைத்தால், 24 கண்ணி தள்ளியுள்ள ரிவெட் 12-ல் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றும் நேரம். ⅛ தாண்டிவிட்டால் பல்லும் சேர்ந்து போயிருக்கும். புதுச் செயினை மட்டும் போட்டால் பல்லில் ஏறித் தாவும். என் பழைய செயின் ⅛ அங்குலத்தையும் தாண்டி நின்றது. செயின்வீல் பற்களைப் பார்த்தேன்; நுனி ஒரு பக்கமாகச் சாயவில்லை, அதனால் அது தப்பித்தது.

ஃப்ரீவீல் கழற்றுவதை அண்ணாச்சி கடையிலேயே செய்தேன். அதற்குரிய கழற்றியைக் காடிகளில் பொருத்தி, வைஸில் பிடித்து, சக்கரத்தை இரண்டு கையாலும் இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். மிதிக்க மிதிக்க இறுகும் மரை என்பதால் பழசு லேசில் வராது. புதிதை மாட்டும்போது மரையில் கிரீஸ் பூசிவிட்டால் அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார். ஆனால் ஃப்ரீவீலின் உள்ளே கிரீஸ் வைக்கவே கூடாது. உள்ளே ஸ்பிரிங் தள்ளும் சின்ன நாக்குகள்தான் பல்லைப் பிடிக்கின்றன. கிரீஸில் அவை ஒட்டிக்கொண்டால் மிதிக்கும்போது சட்டென்று வழுக்கிவிடும். மெல்லிய எண்ணெய் சில சொட்டுகள் போதும்.

செயின் நீளத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃப்ரீவீலில் 4 பல் கூடினால் செயின் அதைச் சுற்றிப் பாதிதான் போகிறது என்பதால் 2 கண்ணி, அதாவது ஒரு அங்குலம், கூடுதலாகத் தேவை. அந்த ஒரு ஜோடியைச் சேர்த்தே புதுச் செயினை வெட்டினால் பின்சக்கரம் பழைய இடத்திலேயே நிற்கும். பழைய நீளத்துக்கே வெட்டினால் சக்கரம் ஃப்ரேமில் ஆக்சில் மாட்டும் காடியில் அரை அங்குலம் முன்னால் வரும். அதனால் என்ன என்று தோன்றலாம். பின் பிரேக் கட்டை ரிம்முக்கு உள்ளே நின்று முன்னோக்கி அழுத்துவது. ரிம் முன்னால் நகர்ந்தால் கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி கூடி, பிரேக் பிடி ஹேண்டிலை முட்டும்வரை வந்தும் சைக்கிள் நிற்காது. பல்லை மாற்றியவர்கள் பிரேக் கெட்டுவிட்டது என்று சொல்வது பல நேரம் இதனால்தான்.

செயின் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். தொய்வு அரை அங்குலம் முதல் முக்கால் வரை. செயின்வீல் முழு வட்டமாக இருப்பது அபூர்வம், ஆகவே பெடலைச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் வைத்துத் தொய்வைப் பாருங்கள். எண்ணெய்க்கு வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய் வேண்டாம்; சில வாரத்தில் பிசினாகித் தூசியைப் பிடித்துவிடும். கடைகளில் ஊற்றும் கறுப்புக் கழிவு ஆயிலில் இன்ஜினின் கரியும் இரும்புத் துகளும் இருக்கும், அதுவும் வேண்டாம். நல்ல மெல்லிய எண்ணெயை உருளை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைக் கொஞ்சம் சுற்றி, வெளியே இருப்பதைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். சாரல் காலத்தில் இதை வாரம் ஒருமுறை செய்தால் செயின் சிவக்காது.

காட்டர் பின்

மிதிக்கும்போது காலுக்கடியில் ‘டக்’ என்று ஒரு தட்டல். பழைய சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். கிராங்கை, அதாவது பெடல் தண்டை, ஆக்சிலோடு பிணைக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, இரண்டு கிராங்கையும் படுக்கையாக நிறுத்தி இரு பெடலையும் ஒரே நேரத்தில் கீழே அழுத்துங்கள். பிறகு அரைச் சுற்று திருப்பி மறுபடி அழுத்துங்கள். தளர்ந்த கிராங்க் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும்.

கழற்றுவதில்தான் பி.பி. பாழாகிறது. நட்டைக் கழற்றிவிட்டு அப்படியே சுத்தியலால் அடித்தால் அடியின் வேகம் முழுவதும் ஆக்சில் வழியாக பால்ரஸில் இறங்கி, கப்பில் குழி விழும். பின்னின் மரையும் மழுங்கும். முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். கிராங்குக்கு அடியில், பின்னின் தலை நுழையும் அளவுக்கு உள்துளை உள்ள கனமான இரும்புக் குழாய் ஒன்றைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்தேன். கிராங்கின் பாரம் அந்தக் குழாயில்தான் நிற்க வேண்டும். நட்டைப் பின்னின் நுனிக்குச் சமமாக இருக்கும்வரை மட்டும் தளர்த்தி, கனமான சுத்தியலால் ஒரே அடி. தட்டித் தட்டிப் பார்ப்பது கூடாது. சின்ன அடி பின்னை வளைக்கும், நகர்த்தாது. வலது பக்கம் அப்படியே வந்துவிட்டது. இடது பக்கம் அசையவில்லை, அதைப் பட்டறையில் வைஸின் வாய்க்குள் கொடுத்து நெருக்கித் தள்ளினோம்.

கிராங்க் வந்துவிட்டதால் பி.பி.யையும் திறந்தேன். வலது கப் இடமரை, அதாவது கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால் கழலும். இது தெரியாமல் மற்ற மரைபோலத் திருகினால் இன்னும் இறுகித்தான் போகும். வலது கப்பைக் கழற்றாமல் இடது கப் வழியாகவே பார்த்தேன். தடம் நன்றாக இருந்தது, அதை விட்டுவிட்டேன். பக்கத்துக்கு 11 பால்ரஸ், புதுக் கிரீஸ், சரி. பெடலிலும் இதே விஷயம் நினைவிருக்கட்டும்: இடது பெடல் இடமரை.

புதுக் காட்டர் பின்னில் ஒரு பக்கம் சரிவாகச் சீவிய முகம் இருக்கும். அந்த முகம் ஆக்சிலில் வெட்டிய பள்ளத்தில் முழுவதுமாகப் படிய வேண்டும். ஆங்கிலேய அளவில் பின்னின் கனம் 9.5 மில்லிமீட்டர், 9 மில்லிமீட்டரும் சந்தையில் இருக்கிறது, வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். கடையில் வாங்கியது அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பின்னின் முகத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசி, துளையில் அடித்து, மறுபடி எடுத்துப் பார்த்தேன். கறுப்பு அழிந்த இடத்தில்தான் பின் ஆக்சிலைத் தொடுகிறது. எனக்கு ஒரு மூலையில் மட்டும் அழிந்திருந்தது. அந்த மூலையைத் தட்டையான அரத்தால் நாலு இழுப்பு இழுத்து, மறுபடி கறுப்புப் பூசி, மறுபடி அடித்து... முகம் முழுவதும் அழியும்வரை பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. இரண்டு பின்னையும் ஒரே அளவு சீவ வேண்டும், இல்லையென்றால் கிராங்க் இரண்டும் ஒரே கோட்டில் நிற்காது. மாட்டும் திசையும் முக்கியம்: கிராங்க் படுக்கையாக இருக்கும்போது ஒரு நட்டு மேலே பார்த்தால் மற்ற நட்டு கீழே பார்க்க வேண்டும்.

நட்டை முறுக்கியே பின்னை உள்ளே இழுக்கப் பார்த்தால் மரை அறுந்துவிடும். பின்னை இறுக்குவது சுத்தியல், அதை அங்கேயே பிடித்து வைப்பது நட்டு. முட்டுக் கொடுத்து அடித்து, நட்டை இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, மறுபடி ஒரு அடி, நட்டில் மறுபடி ஒரு திருகு. அதன் பிறகு தட்டல் முழுவதும் நின்றது.

பிரேக்கும் சாரலும்

கம்பி பிரேக்கின் பெரிய குறை ஈரம். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் கட்டை வழுக்கும், எப்படிச் சரிசெய்தாலும் காய்ந்த ரிம் மாதிரிப் பிடிக்காது. அதனால் கட்டையைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தேன். கடையில் பெட்டியிலிருந்து எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன். தடம் விழாமல் கல்லாக இருந்ததை வைத்துவிட்டு, நகம் லேசாகப் பதியும் ரப்பரை எடுத்தேன். நெடுநாள் கடையில் கிடந்த கட்டை பார்ப்பதற்குப் புதிதாக இருந்தாலும் உள்ளே இறுகிப்போயிருக்கும்.

பொருத்தும்போது கட்டையின் முகம் ரிம்மின் உள்வளைவில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு பக்கம் முதலில் தொட்டால் கம்பிச்சட்டம் வளைந்து, பாதிப் பலம் அதிலேயே போய்விடும். இடைவெளி 2, 3 மில்லிமீட்டர் போதும். கம்பிகள் சந்திக்கும் மூட்டு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். கட்டையிலும் ரிம்மிலும் படாமல் பார்த்துக்கொண்டேன். மழையில் ஓட்டும்போது நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பாகவே பிரேக்கை லேசாகத் தொட்டுப் பிடித்தால் ரிம்மில் உள்ள தண்ணீர் வழித்தெடுக்கப்படும்; அப்புறம் அழுத்தினால் ஓரளவு பிடிக்கும். முன்னால் போகும் பஸ்ஸோடு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விட்டே ஓட்டுகிறேன்.

மற்றவை

விளக்குக்கு டைனமோவைத்தான் முதலில் நினைத்தேன், 6 வோல்ட், 3 வாட் என்பது அதன் வழக்கமான அளவு. எல்.இ.டி. போட்டால் வெளிச்சமும் போதுமானது. ஆனால் டயரில் உரசி ஓடும் பாட்டில் டைனமோ ஈர டயரில் வழுக்கும், எதிர்க்காற்றில் இன்னும் கொஞ்சம் பாரம் கூட்டும். எனவே சார்ஜ் செய்யும் முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, மட்கார்டில் ஒரு ரிஃப்ளெக்டர்.

மழைக்கோட்டில் போஞ்சோ மாதிரி அகலமாக விரிவது வேண்டாம். மேல்காற்று அதற்குள் புகுந்து சைக்கிளையே பின்னால் இழுக்கும். உடம்பை ஒட்டிய, கைமணிக்கட்டில் இறுக்கும் கோட்டுதான் சரி. முன் மட்கார்டின் அடியில் பழைய ரப்பர் தகடு ஒன்றை நீளமாக வெட்டி மாட்டினேன். முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக பி.பி.யிலும் செயினிலும் விழுவதை அது தடுக்கிறது.

சீட்டின் உயரத்தைக் குதிகாலைப் பெடலில் வைத்துப் பார்த்தேன். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி தானாகவே லேசாக மடங்கும். 24 அங்குல ஃப்ரேமில் குள்ளமானவர்களுக்கு இது வராது, அவர்கள் 22 அங்குல ஃப்ரேம் தேடுவது நல்லது.

வெளியே எடுக்காத பாகம் ஒன்று பாக்கி: ஃபோர்க் கழுத்தின் பால்ரஸ். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளினால் ஆட்டம் தெரியவில்லை, திருப்பும்போது நேர்நிலையில் வந்து மாட்டிக்கொள்ளவும் இல்லை. இந்தச் சாரல் முடிந்ததும் அதையும் திறந்து கிரீஸ் மாற்ற வேண்டும், பெயின்டை அதற்குப் பிறகு பார்க்கலாம்.